பொட்டிப்புரத்துக்கு விதை கொண்டு போனேன்

உங்கள் வீட்டு மாடியில் நாலு பூந்தொட்டி இருக்கிறதா? இருந்தால் நீங்களும் என்னைப் போல ஒரு தடவையாவது ஏமாந்திருப்பீர்கள். விதைக் கடையில் பளபளவென்று ஒரு பொட்டலம். அதன் மேலே நீலமும் ரோஜா நிறமுமாக, கோயில் கோபுரம் போல அடுக்கடுக்காய் எழுந்து நிற்கும் பூ. பெயர் லூபின். ஊட்டி தாவரவியல் பூங்காவில் வரிசை வரிசையாக நிற்கக் கண்டு நான் சொக்கிப் போன அதே பூ! ஊட்டியில் 1848-ஆம் ஆண்டிலிருந்து தோட்டம் போட்டு, 1896 முதல் மலர்க்காட்சியும் நடத்தி வருகிறார்கள். அவர்களால் முடிவது நம்மால் முடியாதா என்று ஒரு அசட்டுத் தைரியம். பொட்டலத்தை வாங்கி வந்து சென்னை மாடியில் ஊன்றினேன். முளைத்தவை இரண்டு. அவையும் மூன்றாம் நாள் வெயிலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஐந்தாம் நாள் படுத்தே விட்டன.

இந்தத் துக்கத்தை எங்கள் தெரு முனையில் பூக்கட்டும் அம்மாளிடம் சொன்னேன். கை பாட்டுக்குத் தொடுத்துக்கொண்டே, "விதையைக் குத்தம் சொல்லாதீங்கம்மா. எங்க ஊருல எங்கத்தை விதை போட்டா கல்லுலகூட முளைக்கும்" என்றாள் அவள்.

"எந்த ஊர்?"

"போடிக்குத் தெக்கால. பொட்டிப்புரம்."

மிச்சம் இருந்த பன்னிரண்டு விதைகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு வைகாசிக் கடைசியில் கிளம்பி விட்டேன். வீட்டில் இவர், "பன்னிரண்டு விதைக்கு ரயில் செலவா?" என்று கேட்டார். கேட்கட்டும்.

போடிக்கு இப்போது சென்னையிலிருந்தே ரயில் இருக்கிறது. 1928-இல் போட்ட பழைய பாதையை 2010 கடைசியில் மூடி அகலப் பாதையாக்கி, 2023 ஜூனில்தான் மறுபடி போடி வரை திறந்தார்கள். இரவு ஏறிப் படுத்தால், மறுநாள் காலை கண் விழிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஆண்டிபட்டிக் குன்றுகளும், நாலா பக்கமும் சாவகாசமாகச் சுற்றும் காற்றாலைகளும் தெரியும். அந்தக் காற்றாலைகளைச் சும்மா வேடிக்கை பார்த்து விட்டு விடாதீர்கள். இந்த ஊர்ச் செடி கொடிகளின் தலையெழுத்தே அந்தக் காற்றில்தான் இருக்கிறது. அரபிக் கடலிலிருந்து வரும் மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கியிலும் மூணாற்றிலும், கொட்டித் தீர்த்து விடுகிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவது வெறும் காற்றும், எப்போதாவது ஒரு சாரலும்தான். ஊர் நனைய ஐப்பசி வரை பொறுத்திருக்க வேண்டும்.

போடியிலிருந்து தேவாரம் போகும் பக்கம் பஸ் ஏறினால், வலது கைப்புறம் மலை நம்மோடு கூடவே வருகிறது. தென்னந்தோப்பு, மாந்தோப்பு, சோளம், மொச்சை, நடுநடுவே காய்ந்த செம்மண் என்று காட்சி மாறிக்கொண்டே போகும். எதிரே ஜீப்புகள் வரும். மலைமேல் ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகள் அவை. விடியுமுன் அடுப்பை மூட்டி, சோற்றைத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு, எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறவர்கள். நம் வீட்டுப் பாயசத்தில் மணக்கும் ஏலக்காயை அந்த விரல்கள்தான் பறித்திருக்கும்.

பொட்டிப்புரம் என்றதும் உங்களில் சிலருக்குப் பத்திரிகையில் படித்த ஞாபகம் வரலாம். நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைப்பதாக இருந்த ஊர் இதுதான். மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்பை அடுக்கி, அதன் வழியே போகிற கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடித்துப் பார்ப்பது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய மந்திரி சபை ஒப்புதல் தந்தது. செலவு சுமார் 1,500 கோடி ரூபாய் என்றார்கள். ஊர்க்காரர்கள் பயந்தார்கள். பாறைக்கு வெடி வைத்தால் கிணறு என்ன ஆகும், ஆடு மாடு எங்கே மேயும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. வழக்குகள் நடந்தன. தமிழக அரசும் 2022-இல், காடும் ஆறுகளும் பிறக்கிற இந்த மலையில் அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லி விட்டது. விஞ்ஞானம் பெரிதா, கிணறு பெரிதா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் அங்கே ஒரு கிணற்றை எட்டிப் பார்த்த பிறகு, அவர்கள் ஏன் பயந்தார்கள் என்பது எனக்கு விளங்கியது. அந்த மலைக்கு அம்பரப்பர் மலை என்று பெயர். யாரும் அதை வெறும் மலை என்று சொல்வதில்லை. சாமி பெயர் சொல்வது போலத்தான் சொல்கிறார்கள்.

பூக்காரம்மாளின் அத்தை வீடு ஊருக்குச் சற்று வெளியே, தோட்டத்திலேயே இருந்தது. எழுபது வயது இருக்கும். காதில் தண்டட்டி போட்டு வளர்த்த தொள்ளைக் காது, இப்போது வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி ஒருத்தி, "அப்பத்தா! மெட்ராஸ்ல இருந்து ஆள் வந்துருக்காக!" என்று கூவினாள்.

"வாங்க தாயி. வெயில்ல வந்துருக்கீக. மொதல்ல தண்ணியக் குடிங்க" என்று செம்பை நீட்டினார் பாட்டி. குடித்து முடித்து, பயபக்தியோடு என் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். பாட்டி படத்தைப் பார்க்கவே இல்லை. விதையை உள்ளங்கையில் கொட்டி, கட்டை விரலால் உருட்டி, ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இது மொச்சைச் சாதியில்ல? தோலு கல்லா இருக்கு. ஊறப் போட்டீகளா?"

பூச்செடி நூலெல்லாம் படித்த எனக்கு வெட்கமாகப் போயிற்று. பாட்டி சொன்னது சத்தியமான வார்த்தை. லூபினும் அவரை, மொச்சை, துவரை எல்லாம் சேர்ந்த அதே குடும்பம்தான். அதன் விதைத் தோல் தடிப்பு. லேசாகக் கீறி விட்டு ஓர் இரவு ஊறப் போட்டால்தான் சீக்கிரம் முளைக்கும். நேரே கீழே இறங்கும் ஆணிவேர் உள்ளதால், பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும். இருக்கிற இடத்திலேயே ஊன்ற வேண்டும். அதற்கு வேண்டியது குளிர்ந்த மண். சென்னை மாடியில் அதற்கு எங்கே போவது?

லூபின் என்ற பெயருக்கு மூலம் லத்தீன் மொழியில் ஓநாய். மண்ணின் சத்தையெல்லாம் ஓநாய் போலத் தின்று விடும் என்று அந்தக் காலத்தில் நினைத்தார்களாம். அபாண்டம்! வேரில் முடிச்சு கட்டி, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்கித் தருகிற செடி அது. ஒரு எச்சரிக்கையும் சொல்லி விடுகிறேன். அழகுக்கு வளர்க்கும் லூபினின் விதை கசப்பு, விஷமும்கூட. குழந்தை உள்ள வீட்டில் பட்டாணி என்று வாயில் போட்டுக்கொள்ளப் போகிறது, ஜாக்கிரதை. இதைப் பாட்டியிடம் சொன்னதும், விதையை உடனே ஒரு துணியில் முடிந்து, ஆட்டுக்கு எட்டாமல் எரவாணத்தில் செருகி வைத்தார்.

"நாளைக்கு ஊன்றிப் பாப்போம். இப்ப நம்ம நாத்தைப் பாருங்க, வாங்க" என்று தோட்டத்துக்கு அழைத்துப் போனார்.

வாசகிகளே, நான் போன காரியம் இங்கேதான் ஆரம்பமாயிற்று. கிணற்றடியில் ஆறு பாத்திகள். மூன்றில் செண்டுப்பூ நாற்று, இரண்டில் கோழிக்கொண்டை, ஒன்றில் வாடாமல்லி. மேற்குப் பக்கம் காற்றுக்குத் தடுப்பாக நெருக்கமாக அகத்தி. வண்டலும் மக்கிய எருவும் கலந்து பொலபொலவென்று ஆக்கிய மண். செண்டு விதையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கறுப்பு ஊசி போல ஒல்லியாக, நுனியில் வைக்கோல் நிறத்தில் ஒரு குஞ்சம். விரல் அளவு இடைவெளியில் கோடு கிழித்துத் தூவி, மேலே விதை மறைகிற அளவுக்கு மட்டும் மணல். அதற்கு மேல் வைக்கோல். பூவாளியால் காலையும் மாலையும் தெளிப்பு. ஐந்தாம் நாள், ஆறாம் நாள் முளை தலை காட்டியதும் வைக்கோலை எடுத்து விட வேண்டும். "ஒரு நா பிந்துனாலும் நாத்து வெளுத்துப் போகும். புள்ளைக்குப் போத்திவிட்ட துணிய எப்ப எடுக்கணும்னு தாய்க்குத் தெரியாதா?" என்கிறார் பாட்டி.

கோழிக்கொண்டை விதை வேறு விதம். கடுகைக் காட்டிலும் பொடியாக, கறுப்பு மணி போல மின்னும். அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவியும். ஓரிடத்தில் ஒன்றும் விழாது. ஆகவே அதற்கு நாலு பங்கு மணல் கலந்து தூவுகிறார். மேலே மண் போடுவதே இல்லை. கையால் மெள்ளத் தட்டி விடுவதுதான். நம்மில் பலர் எந்த விதையையும் ஒரே ஆழத்தில் புதைத்து விட்டு, முளைக்கவில்லையே என்று கடைக்காரனைத் திட்டுகிறோம். விதை எவ்வளவு பருமனோ அதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். பொடி விதைக்கு அதுவும் வேண்டாம்.

வாடாமல்லி சோம்பேறி. பஞ்சு மூடிய விதையைப் பஞ்சோடேயே போடுகிறார்கள். முளைக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். எறும்பு தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கப் பாத்தியைச் சுற்றி மஞ்சள் தூளும் சாம்பலும் கலந்து கோடு போட்டிருந்தார். இது மாடித் தொட்டிக்கும் பொருந்தும். நான் செய்து பார்த்து விட்டேன்.

"எதுக்குப் பாட்டி வைகாசியிலேயே இவ்வளவு அவசரம்?" என்று கேட்டேன்.

பாட்டி கிணற்றைக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். மிக மிக ஆழத்தில், ஒரு தாம்பாளம் அளவு தண்ணீர் பளிச்சிட்டது. அவ்வளவுதான்.

அவருடைய கணக்கு இது. செண்டு நாற்று பாத்தியில் இருபத்தைந்து நாள், ஒரு மாதம். பிடுங்கி நட்ட பிறகு ஏறக்குறைய அறுபது நாளில் பூ. ஆக மொத்தம் தொண்ணூறு நாள். கேரளத்தில் அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள் வாசலில் பூக்கோலம் போடுகிறார்களே, அந்தப் பூவில் பெரும் பங்கு நம் பக்கத்து வயல்களிலிருந்துதான் போகிறது. சின்னமனூருக்குப் பக்கத்தில் சீலையம்பட்டிப் பூச்சந்தைக்கு மூட்டை போக வேண்டும். அங்கிருந்து லாரி மலையேறும். அந்தப் பத்து நாளில் பூ பறித்தால் கையில் காசு. பதினோராம் நாள் பூத்தால்?

"ஆட்டுக்குத்தேன்" என்றார் பாட்டி.

பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். மகன் இல்லை, மருமகள் ஏலத்தோட்டத்துக்குப் போகிறாள். அரைக் குழி நிலத்தையும் விடாமல் செண்டு வைத்திருப்பது அந்தப் படிப்புப் பணத்துக்காக. கிணறு தொண்ணூறு நாள் தாங்க வேண்டும். நட்ட முப்பதாம் நாள் கொழுந்தைக் கிள்ளி விட்டால் பக்கக் கிளை வெடித்துப் பூ இரட்டிப்பாகும். ஆனால் பூப்பதும் கொஞ்சம் தள்ளிப் போகும். கிள்ளுவதா, வேண்டாமா? சாண் வயிற்றுக்கும் முழ நெஞ்சுக்கும் நடுவே இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு அந்தக் கிழவி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். நானோ தொட்டிச் செடி இரண்டு வாடியதற்காக ரயிலேறி வந்திருக்கிறேன்.

பாட்டியின் நாற்றில் மூன்று பாத்தியில் இரண்டு வீரியக் கலப்பின விதை. பந்து போல ஒரே அளவு, ஒரே ஆரஞ்சு நிறம். மூட்டையில் அடுக்கினாலும் நசுங்காது. சந்தைக்கு அதுதான் வேண்டும். ஆனால் அந்தப் பூவிலிருந்து விதை எடுத்து மறு வருஷம் போட்டால் தாயைப் போல வராது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று ஒற்றை இதழ் என்று கலைந்து விடும். ஒவ்வொரு பட்டத்துக்கும் புதுப் பொட்டலம் வாங்கித்தான் ஆக வேண்டும். மூன்றாவது பாத்தி நாட்டுச் செண்டு. அதற்கு விதை பாட்டியின் சுருக்குப் பையில்.

"இது எங்க மாமியா கொடுத்தது. சந்தையில ஒருத்தனும் கேக்க மாட்டான். சாமிக்கும், தக்காளிக் காட்டு ஓரத்துக்கும் ஆச்சு."

தக்காளிக்கு ஓரமாகச் செண்டு வைப்பது காரணத்தோடுதான். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி செண்டுப்பூவைத் தேடிப் போய் முட்டை இடும், தக்காளி பிழைக்கும். செண்டின் வேர், மண்ணில் இருக்கும் நூற்புழுவையும் அடக்குகிறது. தோட்டக்கலைப் புத்தகங்களும் இதையே சொல்கின்றன. இந்தச் செண்டு நம் நாட்டுப் பூவே அல்ல என்றால் நம்புவீர்களா? மெக்ஸிகோவிலிருந்து, ஐரோப்பியர் கப்பல் காலத்தில் வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் நம் அம்மன் கழுத்தில் ஏறி உட்கார்ந்து விட்டது.

நாட்டு விதையைப் பாட்டி தேர்ந்தெடுக்கும் முறையைச் சொன்னால் உங்களுக்கும் உதவும். முதலில் பூத்த செடியில், நடுக் கொம்பில் வந்த, இதழ் நெருங்கிய பூவாக நாலைந்துக்கு நூல் கட்டி விடுவார். அவற்றைப் பறிப்பதில்லை. செடியிலேயே காய்ந்து சருகானதும் கொய்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, சாம்பலில் புரட்டித் துணியில் முடிவார். ஒற்றை இதழாக, சோனியாகப் பூக்கிற செடியைப் பூத்த அன்றே பிடுங்கி எறிந்து விடுவார். "அது நின்னா வண்டு இதுக்கும் அதுக்கும் போகும். விதை கெட்டுப் போகும்."

இதைக் கேட்டதும் எனக்கு இங்கிலாந்தில் யார்க் நகரத்து ஜார்ஜ் ரஸ்ஸல் ஞாபகத்துக்கு வந்தார். தோட்டக்கார வேலை பார்த்த எளிய மனிதர். தம் சிறு துண்டு நிலத்தில் பலவித லூபின்களைச் சேர்ந்தாற்போல நட்டு, மகரந்தம் கலக்கும் வேலையைத் தேனீக்களிடம் விட்டு விட்டு, சுமாரான செடிகளையெல்லாம் இரக்கமில்லாமல் பிடுங்கி எறிந்து, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உழைத்தார். 1937-இல், எண்பதை நெருங்கும் வயதில், அவருடைய பூக்களைக் கண்காட்சியில் வைத்தபோது தோட்டப் பிரியர்கள் அசந்து போனார்கள். இன்று பொட்டலத்துப் படத்தில் நாம் பார்த்து மயங்குகிற பல நிற லூபின் அவர் ஆக்கித் தந்ததுதான். இந்தக் கதையைப் பாட்டியிடம் சொன்னேன். "அந்தத் தாத்தாவுக்குக் கெணத்துல தண்ணி இருந்துச்சா?" என்று கேட்டார். அங்கே மழைக்குப் பஞ்சமில்லை என்றேன். "பெறகென்ன!" என்று சொல்லி விட்டார்.

மறுநாள் காலை பேத்தி என்னை மலையடிவாரத்துக்குக் கூட்டிப் போனாள். காற்று புடைவையைப் பிடுங்கிற்று. மேலே, மேகம் தொடும் புல்வெளிகளில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நீலக்குறிஞ்சி பூக்கும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அடுத்த முறை 2030. பூத்து, விதையை உதிர்த்து விட்டு, செடி மடிந்து விடும். அடுத்த தலைமுறை அந்த விதையிலிருந்துதான். அந்த மலைப் பக்கம் பார்த்துக்கொண்டே நடந்தவளை, பேத்தி பாதையோரத்தில் நிறுத்தினாள். "இதைக் கேளுங்க அத்தை" என்று ஒரு காய்ந்த நெற்றை என் காதருகில் ஆட்டினாள். கிலுகிலுவென்று சலங்கை போல ஓசை!

கிலுகிலுப்பைச் செடி. இடுப்பு உயரம், உச்சியில் நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் பூங்கொத்து, அடியிலிருந்து நுனிவரை அடுக்கடுக்காக. நான் அப்படியே நின்று விட்டேன். இது என்ன, நம் ஊர் லூபின் அல்லவா! குடும்பமும் ஒன்றே. அதே அவரைப் பூ போன்ற பூ, அதே வேர் முடிச்சு, விதையில் விஷமும்கூட. நெல்லுக்கு முன் வயலில் விதைத்து மடக்கி உழுகிறார்களே சணப்பை, அது இதற்கு ஒன்று விட்ட சகோதரி. எத்தனையோ தடவை பஸ் ஜன்னலில் பார்த்திருப்பேன். படம் போட்ட பொட்டலத்தில் வராததால் கண்ணில் படவில்லை.

திரும்பும்போது பாட்டி என் கையில் ஒரு துணி முடிச்சு கொடுத்தார். நாட்டுச் செண்டு விதை. பேத்தி ஒரு கைப்பிடி கிலுகிலுப்பை நெற்று கொடுத்தாள். லூபின் விதை பன்னிரண்டையும் அங்கேயே விட்டு வந்தேன்.

ஊருக்கு வந்து, கிலுகிலுப்பை விதையைக் கீறி, ஓர் இரவு ஊற வைத்து, ஆழமான தொட்டியில் நேராக ஊன்றினேன். நாலாம் நாள் முளை. சென்னை வெயில் அதற்குப் பொருட்டாகவே இல்லை. பூத்தது மட்டுமல்ல; காய்ந்த தண்டைச் சுற்றி நீலக் கோடு போட்ட வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து மொய்த்தன. அந்தச் செடியின் சாற்றில் ஆண் பூச்சிகளுக்கு வேண்டிய சத்து ஒன்று இருக்கிறது. தொட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். எங்கள் மாடிக்கு வண்ணத்துப்பூச்சி வந்ததை இவர்கூட நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ரயில் செலவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஆவணியில், ஓணம் கழிந்த மூன்றாம் நாள், பூக்காரம்மாள் தன் டெலிபோனை என் காதில் வைத்தாள். மறுமுனையில் பேத்தி. என் முதல் கேள்வி, "கிணறு தாங்கியதா?"

"ஆடிக் கடைசியில வத்திப் போச்சு அத்தை. பக்கத்துத் தோட்டத்துல மூணு நா தண்ணி எரவல் வாங்கினோம். அப்பத்தா பாதிச் செடியத்தேன் கிள்ளுச்சு. கிள்ளாததுல அத்தத்துக்கே பூ வந்துருச்சு. கிள்ளினது திருவோணத்துக்கு மொத நா வெடிச்சுச்சு. மூணு பறி சந்தைக்குப் போச்சு. முதல் வருஷப் பணம் கட்டியாச்சு."

"லூபின்?"

சற்று நேரம் சிரிப்புச் சத்தம். பிறகு பாட்டியின் குரல் தூரத்தில் கேட்டது. "பன்னெண்டுல அஞ்சு மொளைச்சுச்சு தாயி. அஞ்சும் காத்துல போச்சு. அதுக்கென்ன, அந்த எடத்துல மொச்சை ஊன்றிட்டேன். தையில வாங்க, காய் பறிக்கலாம்."